மிளகாய் மாஸ்டரும் மார்கழிப் பனியும்

பனியை நேருக்கு நேர் நின்று திட்டிய ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் மிளகாய் மாஸ்டர்தான். நாற்பதுகளில், உலகச் சண்டைக் காலத்தில், அரியலூரில் நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸின் சமையல்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் தெரியாது. கோபத்தைப் பார்த்து நாங்கள் வைத்தது இது.

மற்ற மாதங்களில் அவருக்குச் சாதாரணக் கோபம்தான். மார்கழி பிறந்தால் அடுப்பைவிட அவர்தான் அதிகம் எரிவார். விடிகாலைப் பனியில் அரிசி களைந்து, காய் கழுவி, கைத்தோல் சொரசொரவென்று வறண்டு, விரல் மடிப்பெல்லாம் வெடித்துவிடும். வெடிப்புக்குள் புளியும் உப்பும் இறங்கியதும் வாசலுக்கு ஓடி வந்து பனியைப் பார்த்துக் கத்துவார்.

"ஆம்பளையா இருந்தா வெயில்ல வாடா!"

ஒருநாள் எதிரே வந்த பால்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். அன்று எங்களுக்குக் காபி இல்லை.

எல்லாம் உடம்புச் சூடு என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, மோரில் கையை ஊறவைக்கச் சொன்னோம். இன்னும் அதிகமாக வெடித்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரையும் திட்டிவிட்டு வந்தார்.

"சூடு இல்லையாம்யா, குளுருதானாம்! பனிக்காத்து தோல்ல இருக்கற பசைய உறிஞ்சிடுதாம். நாளெல்லாம் தண்ணியில கைய வுட்டா வெடிக்காம என்ன செய்யும்? ஈரத்தத் தொடச்சிட்டு ஒடனே எண்ணெ தடவணுமாம். மோருல கைய வுடச் சொன்னவன் எவன்டா?"

நாங்கள் எல்லோரும் இலையையே பார்த்துச் சாப்பிட்டோம்.

அந்த வாரம் பெரம்பலூரிலிருந்து மாற்றலாகி ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தார். முதல் நாளே மாஸ்டரின் கையைப் பார்த்துவிட்டு இலையைத் தள்ளினார்.

"இந்தக் கையாலயா சோறு? இது தொத்து வியாதி! இந்தாள வெச்சிருந்தா ஆபீஸ் முழுக்கச் சொல்லிடுவேன். ஒருத்தன் வர மாட்டான்."

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டாரா, பாவி? மெஸ் முதலாளிக்கு வியாபாரம் போய்விடுமோ என்று பயம். "மாஸ்டர், தை பொறக்கற வரைக்கும் ஊருக்குப் போயிருங்களேன்" என்றார். செட்டிகுளத்தில் மாஸ்டரை நம்பி ஒரு குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சாம்பார் வாளியை ணங்கென்று வைத்துவிட்டு, குமாஸ்தாவின் குதிகாலைக் காட்டினார்.

"இது என்னங்க சார்? பாளம் பாளமா வெடிச்சிருக்கே. பெரம்பலூர்லேருந்து கொண்டாந்த வியாதியா?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் காலத் தூக்குங்கய்யா!"

எச்சில் கையோடு பந்தியே காலைத் தூக்கியது. வெடிக்காத குதிகால் ஒன்றுகூட இல்லை. முதலாளி தன் காலை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"தொத்துன்னா எல்லாருமே ஊருக்குப் போவோம். பூட்டுங்க மெஸ்ஸ!"

முதலாளி வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "சாம்பார் ஆறிடப் போவுது மாஸ்டர், ஊத்துங்க."

குமாஸ்தா சாப்பிடாமல் எழுந்து போனார். சாப்பிட வேறு போக்கிடம் இல்லாமல் மறுநாள் காலையில் அவரே வந்தார். அவர் இலைக்குப் பக்கத்தில், ஒரு கொட்டாங்கச்சியில், மெழுகு போட்டுக் காய்ச்சிய கடலை எண்ணெய் இருந்தது.

"குளிச்சதும் தொடச்சிட்டுக் கால்ல தடவுங்க. சட்னின்னு தொட்டுக்காதீங்க, செஞ்சாலும் செய்வீங்க!" என்று மாஸ்டர் கத்தினார். கத்திக்கொண்டே ஒரு இட்லி கூடுதலாக வைத்தார்.

அந்தக் குமாஸ்தாமேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. மாஸ்டருக்கு அது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை, நல்ல மனுஷன்.