மூலம் சிக்கலாயின்

நோர்வூட்
14.9.1963

மதிப்பிற்குரிய மச்சான் வீரய்யா அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் இராமையா கும்பிட்டு எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் நெஞ்சு படபடப்பைத் தவிர. ராகலையில் நீங்களும் தெம்பாக இருக்க வேண்டும். இதை வாசித்து முடிக்கும்போது அந்தத் தெம்பு உங்களுக்குத் தேவைப்படும்.

பூரணிக்கு நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் விஷயம்தான். அவள் பிறந்தது மூல நட்சத்திரம், அது மாமனாருக்கு ஆகாது என்று மாப்பிள்ளையின் அப்பா மூக்கன் கங்காணி பின்வாங்கிவிடுவார் என்று நீங்கள்தானே சாதகத்தில் பூராடம் என்று எழுதச் சொன்னீர்கள்? "பக்கத்து நட்சத்திரம்தானே, ஒரு எட்டு தள்ளி வச்சா யாருக்குத் தெரியும்?" என்று சொன்ன வாய் உங்களுடையதுதான். நானும் என் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

இந்த நிலையில் போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் புறப்பட்டுக் கோட்டைப் போட்டால், பையில் ஒரு தாள். மாப்பிள்ளை சோலைமலையின் கையெழுத்து. ஹட்டனில் கணக்கு வாத்தியார் அல்லவா, ஏதோ பாடக் குறிப்பைப் பூரணியிடம் படியெடுக்கக் கொடுத்திருந்தார், அதில் ஒன்றாக்கும் என்று பிரித்தேன். நடுவில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: "துணையின் மூலம் சிக்கலாயின் தீர்வு அலையும்." மச்சான், நான் அதைப் பிரித்துப் பொருள் பார்த்தேன். துணை என்றால் என் மகள். மூலம் தெரிந்துவிட்டது. சிக்கல் வந்துவிட்டது. உறவைத் தீர்த்துவிட்டு அலைய விடப் போகிறார்கள்! இதை நான் சத்தம் போட்டு வாசித்தது அடுத்த தப்பு. அடுப்படியிலிருந்த உங்கள் தங்கை பேச்சியம்மா மூலம், சிக்கல் இரண்டை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "ஐயோ பாவம், அந்த வியாதிய வச்சுக்கிட்டு எப்புடித்தான் அந்த வாத்தியாருப் புள்ள குந்தி எந்திரிக்குதோ!" என்று கருணைக்கிழங்கு தேடிப் போய்விட்டாள். அன்று காலைப் பெரட்டில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும்போது அழகனை அம்மாக்கண்ணு என்று கூப்பிட்டேன். அவனும் ஆஜர் சொல்லிவிட்டான்.

பகல் பஸ்ஸில் ஹட்டனுக்கு ஓடினேன். ஒரு கையில் தாள், இன்னொரு கையில் கருணைக்கிழங்குக் குழம்பு. மாப்பிள்ளை "வாங்க மாமா" என்று சொல்வதற்குள், பூராடம் பொய், மூலம்தான் மெய், சொல்லிக் கொடுத்தது ராகலை மச்சான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (உங்கள் பெயர் தானாக வந்துவிட்டது, மன்னிக்கவும்.) அவர் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"மாமா, இது வகையீட்டுச் சமன்பாடு. தேயிலை பேக்டரி வாட்டுற மாடியில கொழுந்து காயுது பாருங்க, ஈரம் நெறைய இருந்தா வேகமா காயும், கொறையக் கொறைய மெதுவாயிரும். அந்த மாதிரிக் கணக்குக்கு விடை இப்புடித்தான் இருக்கும்னு நாங்க மொதல்லயே ஒண்ண வச்சுக்குவோம். ஈன்னு ஒரு எண்ணு, அதுக்கு மேல அடுக்கு. எத்தன தரம் வகையிட்டாலும், அதாவது மாறுற வேகத்தக் கணக்குப் பாத்தாலும், அது உருவம் மாறாது, முன்னுக்கு ஒரு எண்ணு மட்டும் வந்து ஒட்டிக்கும். கணக்குல போட்டு, பொதுவா இருக்கிறத வெட்டிவிட்டா மிச்சம் ஒரு லேசான சமன்பாடு. அதுக்குப் பேருதான் துணைச் சமன்பாடு. அதோட விடைங்களத்தான் மூலம்ங்கிறோம். மூலம் சிக்கலெண்ணுன்னு ஒரு வகை எண்ணா வந்துட்டா, கொழுந்துத் தராசு முள்ளு மாதிரி விடை ஆடும், அதத்தான் அலையும்னு எழுதியிருக்கேன். அம்புட்டுத்தான்!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விடைய மொதல்லயே வச்சுக்கிறதுக்குப் பேரு களவு இல்லையா தம்பி? புள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் குடுக்கிறீங்க?"

"வச்சுக்கலாம் மாமா. போட்டுப் பாக்கணும், சரி வருதான்னு. போட்டுப் பாக்காம விட்டாத்தான் களவு."

மச்சான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாம் பூராடத்தை வைத்துக்கொண்டோமே தவிர, எங்கே போட்டுப் பார்த்தோம்? ஆனாலும் மாப்பிள்ளை தங்கம். "எனக்குப் பூரணி போதும், நட்சத்திரம் வேணாம்" என்று சொல்லிவிட்டார். குழம்பையும் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார். ஆகவே கல்யாணம் நிற்காது. மூக்கன் கங்காணிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் காதுக்குப் போகாமல் நீங்களும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அத்தாச்சிக்கு என் வணக்கம். சின்னதுகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் இராமையா

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டதற்குப் பூரணி கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்துவிட்டாள். அந்தத் தாளை என் கோட்டுப் பையில் வைத்ததே அவள்தானாம். நூறு பக்கக் குறிப்பில் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்தாளாம். "பொய் நட்சத்திரத்தோட அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்ப்பா. நேரா சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்கிறாள். மாப்பிள்ளையிடம் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். மூக்கன் கங்காணியிடமும் போன மாதமே சொல்லியாயிற்று. அதற்கு அவர், "எனக்குத் தெரியும்னு வெளிய காட்டிக்காத தாயி. உங்கப்பன் எப்ப வந்து தன் வாயால சொல்றான்னு பாக்கத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாராம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். நான் தனியாகப் போகமாட்டேன்.