ஓரத்தில் இரண்டு பச்சை இழை

கால் வைக்காத ஒரு தேசத்துக்கு நான் நாலு வருஷம் தலைவனாக இருந்திருக்கிறேன். சேலத்துக் கல்லூரி ஒன்றில் சர்வகலாசாலை திறந்துவைத்த பர்மா ஆராய்ச்சி மையத்துக்கு என்னை டைரக்டர் ஆக்கினார்கள். அங்கே பர்மாவைப் பற்றி ஒரே ஒரு கட்டுரையாவது எழுதியிருந்தவன் நான்தான். (அதையும் இரண்டு புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். இந்த வயதில் சொல்வதற்கு என்ன வெட்கம்?) மையம் என்பது ஓர் அறை, ஓர் அலமாரி, ஒரு வரைபடம், அப்புறம் நான்.

முதல் வருஷ முடிவில் சென்னையிலிருந்து ஒரு கமிட்டி வந்து பார்க்கும் என்று கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் மையம் தொடரும், என் வேலையும் நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் பூட்டு. இதில் என் கல்யாணமும் சிக்கியிருந்தது. நாமகிரிப்பேட்டையில் பெண் பார்த்து முடித்திருந்தோம். வேலை நிலைத்த பிறகே முகூர்த்தம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். என் பெருமையை நேரில் பார்க்கட்டுமே என்று அவரையும் கூட்டத்துக்கு அழைத்தேன். (சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.)

அலமாரியில் இருந்த பொக்கிஷம் ஒரு கைலி. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே, ரங்கூன் கப்பலில் வந்திறங்கிய ஒருவரிடம் வாங்கியது. ரங்கூன் கடை முத்திரைகூட அதில் இருந்தது. அன்று அதை விரித்துத் தொங்கவிட்டு, கையில் பிரம்போடு முக்கால் மணி நேரம் பேசினேன். மூன்று சிவப்புக் கோடுகள் பௌத்தத்தின் மும்மணிகள் என்றேன். கட்டங்கள் ஐராவதிக் கரை வயல்கள் என்றேன். ஓரிடத்தில் சிவப்புக் கோடு பாதியில் நின்று காவி நிறமாகியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

"பூரணம் என்பது புத்தர் ஒருவருக்கே உரியது. அதனால் பர்மிய நெசவாளி அடக்கத்தோடு, வேண்டுமென்றே விட்ட குறை இது."

என் குரல் எனக்கே இனித்தது. கமிட்டித் தலைவர் எழுதிக்கொண்டார். வருங்கால மாமனார் தலையாட்டினார்.

அப்போது சுவரோரம் ஒருவர் எழுந்து நின்றார். குமாரபாளையம் அர்த்தநாரி. கூட்டத்துக்கு விரிக்க ஜமக்காளம் கொண்டுவந்தவர், சுருட்டி எடுத்துப்போகக் காத்திருந்தார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"தாராளமாகச் சொல்லுங்கள்" என்றேன். (வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்லி முடித்திருக்கலாம்.)

"அது அடக்கமில்லீங்க. செவப்பு நூலு தீந்து போச்சுங்க."

அவர் நடந்துவந்து கைலியின் ஓரத்தைப் புரட்டினார். "ரெண்டு பச்சை இழை போகுது பாருங்க. எங்க தறி அடையாளமுங்க. இது நான் நெய்ஞ்சது. ரங்கூனுக்கு மூட்டை மூட்டையாப் போகுதுங்க. எந்தம்பி அங்கதான் கடையில நிக்கறான்."

அந்தக் கைலி இரண்டு தடவை கடல் தாண்டியிருந்தது. டைரக்டர் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. மாமனார் என் பக்கம் குனிந்தார்.

"பர்மா தெரிஞ்ச மாப்பளைன்னாங்க. குமாரபாளையமே தெரியலீங்களே."

கமிட்டித் தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அர்த்தநாரியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, ரங்கூனில் யார் என்ன நிறம் கேட்கிறார்கள், எந்த மாதம் எது விற்கும் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார். மையம் தொடரலாம், ஆனால் டைரக்டர் சனிக்கிழமைதோறும் குமாரபாளையம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. முகூர்த்தமும் கூடவே தள்ளிப்போயிற்று.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. தறிக்குழி ஓரம் உட்கார்ந்து தம்பியின் கடிதங்களை நான் வாசிப்பேன். அர்த்தநாரி கையை நிறுத்தாமலே கேட்பார், நடுநடுவே எனக்கு விளக்குவார். பர்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதங்கள் நின்றன. அர்த்தநாரி கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"நீங்கதானுங்க அந்த நாட்டுக்குத் தலைவரு. எந்தம்பி எங்க இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

கமிட்டி முன்னால்கூட நான் அவ்வளவு கூனிப்போகவில்லை. தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் எழுதினேன். பர்மாவிலிருந்து காடு மலை நடந்து வந்தவர்களை ரயிலில் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் ஈரோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் நின்றோம். எத்தனையாவது தடவையோ, அர்த்தநாரி முகங்களைத் தேடிக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய்விட்டார். தம்பியின் முகம் எனக்குத் தெரியாது. தூணோரம் தாடியும் எலும்புமாக ஒருவன் குந்தியிருந்தான். இடுப்பில் கந்தல் கைலி. குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்தேன். அழுக்குக்குள் இரண்டு பச்சை இழை.

"குமாரபாளையமா?" என்றேன்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். அண்ணன் அவனைத் தாண்டித்தான் போயிருந்தார்.

கொஞ்ச நாளில் மையத்தை மூடிவிட்டார்கள். அதன் டைரக்டர் தானாகக் கண்டுபிடித்தது அந்த ஒன்றுதான். மாமனார் சொல்லி என் மனைவிக்கு முழுக் கதையும் தெரியும். நான் எதைப் பற்றியாவது அளக்க ஆரம்பித்தால் போதும், "ஓரத்தைப் பாத்தீங்களா?" என்பாள். நேற்றுக் கத்தரிக்காய் வாங்கிவந்து, இது சேலத்துப் பக்கம் பொய்மான்கரட்டில் விளையும் ரகம் என்று பேரன்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அதே குரல் வந்தது. பேரன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தேன்.