சின்னப்பன் என்கிற பவுலுஸ் என்கிற சவுல்

"உங்க பேரு சின்னப்பன்னா, பெரியப்பன் யாருப்பா?"

ஆறு வயது மகள் இன்னாசிமேரி இப்படிக் கேட்டபோது, சின்னப்பன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சிதம்பரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"சாயங்காலம் சொல்றேன் கண்ணு" என்று ஓடினார். அவருக்கும் பதில் தெரியாது என்பதே உண்மை.

அது அறுபத்து நாலாம் வருஷம். சிதம்பரத்தில் ஓர் ஆபீசில் ஏழு வருஷமாக அவர் தற்காலிக குமாஸ்தா. இப்போதுதான் வேலை நிரந்தரமாகும் நேரம். வெள்ளிக்கிழமைக்குள் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தம் ஊரான முதுநகர் மாதா கோயில் சாமியாரிடம் ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கிவந்து, ஹெட்கிளார்க் நடனசபாபதியிடம் பெருமையாக நீட்டினார்.

ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பவுலுஸ், லூர்துசாமி மகன். யாருய்யா இந்தப் பவுலுஸ்?"

"நான்தான் சார்."

"அப்ப சின்னப்பன்?"

"அதுவும் நான்தான் சார். எங்க சாமியாருங்க லத்தீன்ல எழுதுவாங்க."

"நான் தமிழ்ல கேக்கறேன். ரெண்டும் ஒரே ஆளுன்னு எழுத்துல கொண்டாரும்."

சாமியார் நல்ல மனிதர். ஒரு வரி கேட்டால் இரண்டு பக்கம் கொடுப்பார். மறுநாள் அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தை நடனசபாபதி வாய்விட்டுப் படித்தார்.

"'பவுலுஸ் என்னும் லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். ஆகவே புனிதராகிய அர்ச். பவுலைத் தமிழில் சின்னப்பர் என்று வழங்குகிறோம். இவரே மனந்திரும்புமுன் சவுல் எனப்பட்டவர்.'"

கடிதம் மேஜைமேல் இறங்கியது. "சவுலா? இது யாருய்யா மூணாவது ஆளு?"

"அது நான் இல்ல சார், அது வந்து அவரு..."

"மனந்திரும்புமுன்னு போட்டிருக்கே. உம்ம மேல கேஸ் கீஸ் ஏதாச்சும் உண்டா?"

பியூன் கலியபெருமாளுக்கு மனம் கேட்கவில்லை. "அதெல்லாம் இல்லீங்க. இவரு போன வருஷம் வரைக்கும் பீடி குடிச்சாரு. அதைத்தான் சாமியாரு எழுதியிருப்பாரு."

ஹெட்கிளார்க் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பெத்தவங்க இருந்தா கையோட கூட்டியாரும்."

வெள்ளிக்கிழமை தாயார் வியாகுலமேரி ஜபமாலையும் கையுமாக வந்து நின்றார்.

"உங்க மகன் பேரு என்னம்மா?"

"கூப்புடற பேரா சாமி?"

"ஆமா."

"தம்பு."

சின்னப்பன் கண்களை மூடிக்கொண்டார். நாலாவது ஆள். ஏழு வருஷமும் போயிற்று.

நடனசபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மெல்லச் சொன்னார்: "எங்கம்மாவும் கடைசிவரைக்கும் என்னைக் குப்புன்னுதான் கூப்பிட்டாங்க."

எல்லாரும் ஒரே ஆள்தான் என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சவுலை மட்டும் விட்டுட்டேன்யா. ஆடிட்ல கேப்பான்."

திரும்பும் ரயிலில் அம்மாவும் மகனும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வெளியே நாற்று நட்ட வயல்கள் பின்னால் ஓடின. சின்னப்பன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அர்ச். சின்னப்பர்தாம்மா காப்பாத்தினாரு. அவரு பேரை நீ எனக்கு வச்சது வீண் போகல."

வியாகுலமேரி வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"அவரு பேருன்னு நெனைச்சு எழுதிக்கிட்டது சாமியாருடா தம்பு, நீ வயித்துல இருந்தப்ப, வலியோட கெடிலம் ஆத்து வெள்ளத்துல நின்னு, சித்தப்பன் மொறையா 'சின்னப்பா'ன்னு கூப்புட்ட என்னைத் தோணியில ஏத்தி அக்கரை சேத்த மீன்புடிக்கிற மனுசன், பேரு கேட்டா 'சின்னப்பான்னு கூப்புட்டியே தாயீ, அது போதும்'னு போயிட்டாரு... உங்கப்பாகிட்டகூடச் சொல்லாம, அந்தப் பேரையே உனக்கு வச்சு அந்த மனுசன் கடனைத் தீத்துக்கிட்டேன்."