மலாக்கி போகாத சாவு வீடு

இழவு வீட்டு எம்.பி. என்று ஓர் இனம் உண்டு. அயர்லாந்தின் மேற்கே, மழையும் புல்லும் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற எங்கள் பக்கத்தில் இந்த இனம் செழித்து வளர்கிறது. டப்ளினில், நாடாளுமன்றத்தில், இவர் வாய் திறந்து பார்த்தவர் கிடையாது. இங்கே இவர் வராமல் ஒரு பிணம் குழிக்குள் இறங்கியதும் கிடையாது.

மலாக்கி காரிஹியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் எம்.பி.தான். அப்பாவின் அடக்கத்துக்கு வந்த கூட்டத்துக்குக் கைகொடுக்க ஆரம்பித்த மகன், பாதி வரிசை முடிவதற்குள் ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து காலைச் சவரத்தின்போது உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்பு கேட்பார். மற்றவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். இவர் அந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று யோசிப்பார். பிறகு கறுப்பு டையை மாட்டிக்கொண்டு, காரை விரட்டிக்கொண்டு போய், மகன், மருமகள், பாஸ்டனிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்கிய பேரன் வரை எல்லார் கையையும் தன் இரு கைகளுக்குள் வைத்து அமுக்கி, குரலைத் தாழ்த்தி, உங்கள் கஷ்டத்தில் நானும் பங்கு என்பார். ரோடு போட்டாரா? ஆஸ்பத்திரியைக் காப்பாற்றினாரா? யார் கேட்டார்கள்? அம்மா சாவுக்கு மலாக்கி வந்தான் என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் ஓட்டுப் போட்டார்கள்.

இந்தத் தேர்தலில்தான் கொஞ்சம் உதறல். இங்கே ஒரே கட்சியில் இரண்டு பேர் நிற்கலாம்; சொந்தக் கட்சியிலேயே ஓர் ஆசிரியை போட்டிக்கு நின்றாள். அவள், ஆள் உயிரோடு இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கிறாளாம். இது என்ன நியாயம்?

அந்த நிலைமையில் ஒரு நாள், வானொலி அட்ராக்டா ஹெனகன் என்றது. எந்த ஊர் என்று சொன்னபோது மலாக்கி குழாயைத் திறந்திருந்தார், காதில் விழவில்லை. அவருக்குத் தெரிந்த அட்ராக்டா, டொமினிக் ஹெனகனின் மனைவிதான், வேறு யார்? போய்ப் பார்த்தால் வாசலில் வரிசையாகக் கார்கள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஜனங்கள், கூடத்தில் பாதிரியார். முறை வைத்து வீடு வீடாகச் சுற்றிவரும் பூசை அந்த வருஷம் டொமினிக் வீட்டுக்கு வந்திருந்தது. பூசைக்கு வானொலியில் அறிவிப்பு கிடையாதே, பாவம் அவர் என்ன செய்வார்?

டொமினிக்கின் கையைப் பிடித்து அமுக்கினார். "என்னத்த சொல்றது அண்ணே. அப்படி ஒரு பொம்பளைய இனி எங்க பாக்கப்போறோம்? போன வாரம் கடைவீதியில பாத்தேன், அப்பவே முகத்துல களையில்ல."

டொமினிக்குக்குக் காது மந்தம். பூசைக்கு வந்ததற்கு நன்றி சொன்னார்.

பின்னால் சாண்ட்விச் தட்டோடு அட்ராக்டா நின்றிருந்தாள். பாதிரியார் தன் டீக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"சாப்பிடு மலாக்கி," என்றாள் அவள். "இத்தனை வருஷமா ஓட்டுச் சீட்டுல உம்பேருக்கு நேராத்தான் ஒண்ணாம் நம்பர் போட்டேன். இனி முடியாதேப்பா. செத்தவ ஓட்டுப் போட்டா கள்ள ஓட்டுல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். மலாக்கியும் சிரித்தார், உள்ளுக்குள் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இறந்தது யார்? மலைக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் இன்னொரு அட்ராக்டா. விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் அவளைப் புதைத்தாகிவிட்டது. ஆசிரியை வந்திருந்தாளாம். எங்கள் அம்மா சாவுக்கு மலாக்கி வரவில்லை என்று அந்த வீட்டில் இன்றுவரை சொல்கிறார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். இரண்டு ஹெனகன் வீட்டு ஓட்டும் விழுந்திருந்தால் மலாக்கி ஜெயித்திருப்பார்.

தோற்ற மறு வாரம், காலையில் சாவகாசமாக அவித்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி பெர்னி கறுப்புக் கோட்டோடு வந்து நின்றாள்.

"அடக்கத்துக்கு நீங்க வரலையா?"

"இனிமே எதுக்குடி?"

"செத்தது எங்க மாமாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் நீங்கள் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், படியிறங்கும்போது, "நான் வந்துட்டுப் போனேன்னு அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிடுங்க" என்றது யார்?