பன்னிரண்டு ஹாருவானும் ஒரு பெர்மிட்டும்

திகாம் பத்து,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி சதாசிவம் அவர்களுக்கு,

அய்யாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரி உமையாளும் நலம். பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கள் மருமகள் அன்பரசிக்கு இன்னும் பத்து நாள் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்கிறார்கள். கோலா கெத்திலில் தங்கள் வீட்டார் நலமறிய ஆவல். தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு ஹாருவான் விரால்களும் நலம். அதனால்தான் அழாத குறையாக இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சம்பந்தியிடம் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எழுதக் கை மட்டும் கொஞ்சம் வரும். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஹாருவான் சூப் நல்லது என்று முன்கூட்டியே, அதுவும் உயிரோடு, பிளாஸ்டிக் தோங்கில் தண்ணீர் நிரப்பிப் போட்டு அனுப்பினீர்கள். தங்கள் பெரிய மனசு. ஆனால் ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை என்பதால், அது கைக்கு வரும்வரை இந்த வீட்டில் ஓர் உயிரும் போகக்கூடாது என்று உமையாள் வேண்டிக்கொண்டிருப்பது தங்களுக்குத் தெரியாது. கொசுவைக்கூட 'போ, போ' என்றுதான் விரட்டுகிறாள். ஆகவே மீன்களைக் குளியலறைத் தொட்டியில் விட்டோம். அன்றிலிருந்து நான் வாசல் குழாயில் குளிக்கிறேன், கைலியோடு, ரோட்டைப் பார்த்தபடி.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து கெட்டுப்போன புத்தி, வீட்டில் மீன் வைக்க ஏதாவது சட்டம் இருக்குமோ என்று நானே மீன் இலாகாவுக்குப் போய்க் கேட்டேன். படமும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே குகன் என்று நம்ம பையன் ஒருவர் அதிகாரி. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது நம்ம ஹாருவான் இல்லலா. வெளிநாட்டு ஜாதி. வீட்டுல வளர்க்க பெர்மிட் வேணும், வேற எடத்துக்குக் கொண்டுபோகவும் பெர்மிட் வேணும்" என்றார்.

"ஆத்துல விட்டுரட்டா?"

"ஐயோ, அது இன்னும் பெரிய கேஸு."

"அப்ப என்னதான் தம்பி செய்யறது?"

"வெட்டிருங்க. ஒரு நிமிச வேலை."

உமையாளின் வேண்டுதலைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க ஏன் அங்கிள் வந்து சொன்னீங்க?" என்றார். வெட்டவோ பெர்மிட் எடுக்கவோ ஏழு நாள் தவணை கொடுத்திருக்கிறார். மூன்று போய்விட்டது.

நேற்றுப் பெய்த மழையில் ஒரு மீன் தொட்டியிலிருந்து குதித்து, சமையலறை வழியாகப் போய், வேலிக்கடியில் நுழைந்து, பக்கத்து வீட்டு ஹபீப் முகம்மதின் கோழிக் கூண்டருகே படுத்துக்கொண்டது. அவர் மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். "பாய், தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "பயப்படாதீங்கலா அண்ணே, சம்பால் போட்டு வறுத்தா அரை மணி நேரம்" என்கிறார். என் பயம் வேறு. மீன் அவர் இடத்துக்குப் போனது ஒரு குற்றம், வாளியில் போட்டு நான் திரும்பக் கொண்டுவந்தது இரண்டாவது குற்றம். இரண்டையும் தேதி, நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வலி எடுக்கும் நேரம் பார்த்து என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் அன்பரசியை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? சட்டத்தை மீறவும் பயமாக இருக்கிறது சம்பந்தி, மகளுக்காக வேண்டிக்கொண்டதை மீற அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்களே பெர்மிட் எடுத்து வந்து மீன்களைத் திரும்பக் கொண்டுபோகும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சீரைத் திருப்பி அனுப்புவதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். நினைத்தாலும் அன்பரசியிடம் காட்ட வேண்டாம்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அய்யாவு

பி.கு.: உறையை ஒட்டும்போது அன்பரசிக்கு வலி வந்துவிட்டது. பெண் குழந்தை, மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். தாயும் பிள்ளையும் சுகம். வேண்டுதல் முடிந்ததே என்று வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் தீட்டினேன். உமையாள் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு, "இத்தன நாளும் இந்த மீனுங்கதான் புள்ளைக்குக் காவல் இருந்ததுங்க. வேல முடிஞ்சதும் வெட்டணும்னா, நீங்க ரிட்டையர் ஆன அன்னிக்கே ஒங்கள வெட்டிருக்கணும்" என்கிறாள். எழுதிய கடிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை, ஆனால் மேலே உள்ளது எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். வளர்க்கும் பெர்மிட்டுக்கு மூன்று நகலுடன் மனு எழுதிவிட்டேன். பேத்தியைப் பார்க்க வரும்போது சூப்புக்கு வேறு ஹாருவான் கொண்டு வாருங்கள். நம்ம ஊர் ஜாதியாக. உயிரில்லாமல்.