அதிகாரியும் நானும் தப்பாக வைத்த இதயம்

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தவனுக்கு, அதன் பிறகு ஓய்வே கிடையாது. பட்டவன் சொல்கிறேன், நம்பலாம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். படாளம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியர். கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்க்க வருவதாகக் கல்வி அதிகாரி சொல்லியனுப்பினார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். (அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் வாரம் தவறாமல் விசாரிப்பார்.)

நான்கு சனிக்கிழமைகள் பஸ் மாறிப் புதுப்பட்டினம் போய், பிரௌசிங் சென்டரில் கண் எரிய உட்கார்ந்து ஓர் இணையதளத்தைப் பிடித்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கானது. திரையில் ஓர் இதயம். அதன் பாகங்களை மவுசால் இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் ரத்தம் ஓடும். தவறாக வைத்தால் ஒரு கழுதை தலையாட்டும். அந்தக் கடையில் ஸ்பீக்கர் கிடையாது. கழுதை தலையை மட்டும்தான் ஆட்டும் என்று நம்பிவிட்டேன்.

அதிகாரி வந்த அன்று, தலைமையாசிரியர் அறையின் டெலிபோன் ஒயரை ஜன்னல் வழியாக வகுப்புக்கு இழுத்தேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டுமே என்று, ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போடுகிறவரிடம் இரண்டு சவுண்டு பாக்ஸ் இரவல் வாங்கி மாட்டினேன். படம் முழுதாக வர இருபது நிமிடம் ஆனது. அதிகாரி வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க, நானே செஞ்சு பாக்கறேன்" என்று மவுசைப் பிடித்தவர், 'இதயத்தின் இடது கீழறை' என்ற துண்டைத் திரையின் இடப்பக்கம் வைத்தார்.

கழுதை கத்தியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. அவர் விடாமல் அதே பக்கம் சற்று மேலே வைத்தார். மறுபடியும் கத்தியது.

"நான் காட்றேன் சார்!" என்று பாய்ந்தேன். பதற்றத்தில் நானும் இடப்பக்கமே வைத்தேன். (எனக்கு மட்டும் கூடுதல் நேரம் கத்தியதாக இன்றும் சந்தேகம்.)

மூன்றாம் பெஞ்சிலிருந்து அமுதா எழுந்தாள்.

"சார், அது நம்மள பாத்துகினு நிக்கிற ஆளோட நெஞ்சு சார். அவரு லெப்ட்டு நமக்கு ரைட்டு."

வந்து வலப்பக்கம் வைத்தாள். ரத்தம் ஓடியது. அதிகாரியின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"பரவாயில்லையே! யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

நான் அடக்கமாகத் தலைகுனிந்து நின்றேன்.

"கழுதைதான் சார்" என்றாள்.

அவள் சொன்னது திரையிலிருந்த கழுதையை. அது கத்தக் கத்த யோசித்து, தானே கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் வகுப்பு என்னைப் பார்த்தது. அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

'மாணவி நன்கு கற்றிருக்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆசிரியரைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

இதை வீட்டுக்கு வந்து சொன்னதுதான் என் தப்பு. வருடங்கள் கழித்து, என் மகள் பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கியதற்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜாங்கிரி கொடுத்தோம்.

"யாருகிட்ட டியூஷன்?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவி, "கழுதைகிட்ட!" என்றாள்.

"ஆமா அங்கிள்" என்றாள் மகள்.

நான் மறுக்கவில்லை. அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நான்தானே.