ஏழாம் கோளில் அரைப்பேர்

விண்வெளியில முதல்ல கால் வச்சது யாருங்கிறதுல நாடுகளுக்குள்ள சண்டை இருக்கலாம். தமிழ் விண்வெளியில கால் வச்சது கொட்டாஞ்சேனையில, ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில. அதுல சந்தேகமே இல்ல. நான் கூடவே இருந்தேன். செருப்ப வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தான் ஏறினோம்.

அந்த மாடிக்குப் பேரு "அகில இலங்கை விண்வெளித் தமிழாக்கச் சபை". அகில இலங்கையும் சேர்ந்து மொத்தம் நாலு பேரு. தலைவர், இயக்குநர், தயாரிப்பாளர், பிரதான குரல் நாலுமே திரு. சந்திரகுமார். வெள்ளவத்தையில ஏழாம் மாடியில பிளாட். அதனால எங்க எல்லாரையும் விட அவரு விண்வெளிக்குக் கிட்ட. பொம்பளக் குரல் அத்தனையும் ஜெயராணி மிஸ். இடி, வெடி, கதவுச் சத்தம், பதிவு மெஷின் எல்லாம் பௌஸி நானா. நாலாவது ஆளு நான். பகல்ல வெள்ளவத்தையில ஒரு கடையில சாரி மடிக்கிறேன். படுக்கிறது தெமட்டகொடையில ஒரு ரூம்ல. டிக்‌ஷனரிய வச்சு சொந்தமாப் படிச்ச இங்கிலீசுல, வசனத்தத் தமிழாக்குறது என்னோட "பொறுப்பு". பொறுப்புன்னா, செய்றதும் நான், தப்பு வந்தா முழிக்கிறதும் நான்.

பேரு பெரியதம்பி. ஆனா கொழும்புல அத முழுசாச் சொல்ல யாருக்கும் நேரம் கெடையாது. எல்லாருக்கும் "தம்பி". எனக்கு நாப்பத்திரண்டு வயசு.

நாங்க தமிழாக்கினது அம்பது வருசத்துக்கு முந்தின வெளிநாட்டு டிவி நாடகம். "ஏழாம் கோளின் நீலக்கல்"னு பேரு வச்சோம். கதை லேசு. கப்பல் தலைவன் பேராசை புடிச்சு, ஏழாம் கோள்ல இருக்கிற நீலக்கல்ல எல்லாம் அள்ளிக்கிறான். அந்தக் கோளோட ராணி பழிவாங்குறதுக்காக, கப்பல் எஞ்சின வெடிக்கிற மாதிரி சூடேத்தி விட்டுடுறா. கடைசியில எஞ்சின் ரூம்ல வேலை பாக்குற ஒருத்தன் உள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, எஞ்சின அணைச்சிட்டுச் செத்துப்போறான். எல்லாரும் பொழச்சிக்கிறாங்க. இருபத்தாறு வாரம் ஓடுற நாடகத்துல அந்த ஆளுக்குப் பேரே இல்ல. சட்டையில ஒரு நம்பர் மட்டும்.

சபைக்கு ஒரு உறுதியான மொழிக் கொள்கை உண்டு. முதல் வாரமே அத எனக்கு விளங்கப்படுத்தினாங்க. கப்பல்ல எல்லாரும் காலையில வரிசையா நிக்கிற எடத்துக்கு நான் "பெரட்டு"ன்னு எழுதியிருந்தேன்.

"இதென்ன சொல்லு, தம்பி?" தலைவர் கண்ணாடியக் கழட்டினாரு.

"எங்க தோட்டத்துல வேலைக்கு ஆளு நிக்கிறத அப்படித்தான் சொல்லுவோம், சேர்."

"விண்வெளியில பிரட்டுறதுக்கு என்ன கிடக்கு? ரொட்டியோ?"

ஜெயராணி மிஸ்ஸுக்குச் சிரிப்பு. தலைவர் அத வெட்டிட்டு "அணிவகுப்புத் திடல்"னு எழுதினாரு. எட்டுக்கு எட்டடி அறை, அது திடலாயிடுச்சு. அவரு கைபட்டா எதுவுமே பெருசாயிடும். என் உச்சரிப்பு "விண்வெளிக்குப் பொருந்தாது"ன்னு குறிப்பேட்டுலயும் பதிஞ்சாங்க. நல்ல வடிவான கையெழுத்து.

கடைசி வாரத்துக்கு முன்னால விசேட கூட்டம், தலைவரோட பிளாட்டுல. பொருள்: பெயர்ப் பட்டியல். நாடகம் முடிய பேரு ஓடுறதுக்கு டிவிக்காரங்க குடுத்தது இருபது செக்கன்.

இங்க ஒரு விசயம் சொல்லணும். எங்க தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கே "பேர்"னுதான் சொல்லு. சொன்ன அளவு தேயிலைக் கொழுந்து எடுத்தா முழுப்பேர். கொஞ்சம் கொறஞ்சா அரைப்பேர். எங்க அக்கா குப்பாயி இருபத்தெட்டு வருசமா பேருக்காக மலை ஏறுறவ. தம்பி பேரு டிவியில வரப்போவுதுன்னு மஸ்கெலியாத் தோட்டத்துல அவ வீடு இருக்கிற லயம் பூராவும் சொல்லி வச்சிட்டா. அதனால நானும் மெதுவாக் கேட்டேன்.

"சேர், தமிழாக்கம்னு என் பேரு வருமா?"

"இருபது செக்கனுக்குள்ள எல்லாரும் கொள்ளமாட்டினம், தம்பி."

"உங்க பேரு நாலு தடவ வருதே, சேர்."

"அது நாலு பொறுப்பு. ஒரு மனுசன் நாலு பாரத்தைச் சுமக்கிறதைக் கண்டு நீர் இரங்கவேணும்."

"சந்திரண்ணை, ஒரு வரிதானே," ஜெயராணி மிஸ் சொன்னாங்க. "உங்கட மாமியாருக்கு 'நல்லாசி' எண்டு போட்டிருக்கிறியள். அதை எடுத்தா..."

தலைவர், மாமியார் சமைச்சுக்கிட்டிருந்த குசினிப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "ஜெயராணி, மெதுவாக் கதையும். தமிழாக்கத்துக்கும் வரி கிடக்குது. 'தமிழாக்கம்: சபை'. சபைக்குள்ள தம்பியும் இருக்கிறார்தானே?" அப்புறம் என் தோள்ல கை வச்சாரு. "இந்த நாடகம் எங்களுக்குச் சொல்லித் தாறது என்ன? தியாகம். அந்த எஞ்சின்காரனுக்குப் பேர் இருந்ததோ?"

கண்ணு கலங்கிடுச்சு. அவருக்கு. தியாகத்த இவ்வளவு நல்லா விளங்கிக்கிட்ட ஒருத்தர நான் கண்டதில்ல. தான் செய்யாமலே விளங்கிக்கிட்டாரு.

அதோட இன்னொரு கௌரவமும் குடுத்தாரு. "அந்த எஞ்சின்காரன்ர குரலை நீர்தான் குடுக்கவேணும். சாகிற தொழிலாளி அல்லோ? உம்மட உச்சரிப்பு இப்பதான் பொருந்துது."

கொட்டாஞ்சேனையில கோயில் மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையிலதான் விண்வெளி அமைதியா இருக்கும். அந்த இடைவெளியில பதிவு செஞ்சோம். எஞ்சின்காரன் மூஞ்சி முழுக்க ஹெல்மட். வாய் அசையிறது தெரியாது. என்ன சொன்னாலும் பொருந்தும்.

கதவு சாத்துறதுக்கு முன்னால கப்பல் தலைவன் அவன் பேரக் கேக்குறான். இங்கிலீசுல எஞ்சின்காரன் பதிலே சொல்லல.

"வீரனே, உன் நாமம் யாது?" திரு. சந்திரகுமார் கண்ண மூடி, நெஞ்சத் தொட்டுக் கேட்டாரு.

நான் மைக்குக்குக் கிட்டப் போனேன். "பெரியதம்பி."

அவரு உணர்ச்சியில மூடின கண்ணத் தொறக்கல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பௌஸி நானா மட்டும் என்னப் பாத்தாரு. பாத்துட்டு டீயக் குடிச்சாரு. ராணியோட பழி எஞ்சினச் சூடேத்துச்சு. என்னோடதுக்கு ஒரு பேர் போதும்.

ஞாயித்துக்கிழமை நாலு மணி, கடைசி வாரம் டிவியில. தலைவரோட வீட்டுல எல்லாரும் கூடினோம். ஜெயராணி மிஸ் பற்றிஸ் கொண்டுவந்தாங்க. எஞ்சின்காரன் கதவுகிட்ட நிக்கிறான். நான் கையில இருந்த பற்றிஸ்ஸத் தட்டுல வச்சேன்.

"வீரனே, உன் நாமம் யாது?"

டமார்னு கதவு. அதுக்குப் பொறகு, "...தம்பி."

பேருங்க ஓடுச்சு. சந்திரகுமார். சந்திரகுமார். மாமியார். சந்திரகுமார். சபை. ஜெயராணி, பௌஸி ரெண்டு பேரும் ஒரே வரியில. திரும்பவும் சந்திரகுமார்.

தலைவர் கண்ணத் தொடச்சாரு. "பாத்தீங்களோ? சாகிற நேரத்தில தலைவனைத் 'தம்பி' எண்டு கூப்பிடுறான். என்ன ஒரு சகோதரத்துவம்."

லிஃப்ட்டுல பௌஸி நானா என் மூஞ்சப் பாக்கல. "சனிக்கிழம அவர் பதிவப் போட்டுக் கேட்டுப்போட்டார், தம்பி. ஒங்கட பேர முழுசா வெட்டச் சொன்னார். எனக்கு மனசு வரல்ல. கதவக் கொஞ்சம் முந்திச் சாத்தினேன். பாதி தப்பிச்சிச்சு."

"பரவால்ல, நானா."

கீழ எறங்கி ரயில் பாதைப் பக்கம் வந்தேன். போன் அடிச்சுது. அக்கா.

"பெரியதம்பி." அவ மட்டுந்தான் முழுசாக் கூப்பிடுவா. "லயமே கூடிப் பாத்துச்சுடா. எழுத்துல ஒன்னையக் காணோம். ஆனா செத்தவன் 'தம்பி'ன்னான். ஒங்கொரலுதான். மிச்சம் கதவுல மாட்டிக்கிச்சா?"

"ஆமாக்கா. அரைப்பேருதான்."

அக்கா கணக்குக் கேட்டா.

"வேலையில ஏதும் கொறச்சியா?"

"இருபத்தாறு வாரம். ஒரு வரி கொறைக்கலக்கா."

"ம். அந்தக் கல்ல எல்லாம் அள்ளுனானே ஒருத்தன், கப்பல் தலைவன். அவனுக்குக் கொரல் குடுத்தது யாரு?"

"எங்க சபைத் தலைவரு, அக்கா. பெரிய ஆளு. எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு," அக்கா சொன்னா. "நடிச்ச மாதிரியே இல்ல."